குளத்தில் விழுந்த மைனஸ் பதினொன்று

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஷாங்காய் நகரத்தில் ஒரு பூங்காக் குளத்துக்குள் என் கணவரின் மூக்குக் கண்ணாடி விழுந்தது.

'ப்ளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நாலைந்து சிவப்பு மீன்கள் ஓடி வந்து மோந்து பார்த்துவிட்டு, இது தின்கிற வஸ்து இல்லை என்று திரும்பிப் போயின.

கண்ணாடிதானே, இதற்கு ஒரு பத்தியா என்று கேட்பீர்கள். சாதாரணக் கண்ணாடி இல்லை ஐயா. மைனஸ் பதினொன்று. பள்ளிக்கூடத்தில் இவருக்குப் பட்டப்பெயரே 'சோடாபுட்டி'தான். அதைக் கழற்றினால் எதிரே நிற்பது நானா, பீரோவா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

முதலில், மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஷாங்காயில் என்ன வேலை?

இவர் கிண்டி எஸ்டேட்டில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல் மேனேஜர். இரும்பைக் கடைகிற பெரிய லேத் மெஷின் ஒன்றைச் சீனாவில் வாங்குகிறார்கள். வியாழக்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போய், இவர் தன் கண்ணால் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் கப்பலேறும். வியாழனுக்கு முன்னால் இரண்டு நாள் ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று கம்பெனி பெரிய மனசு பண்ணியது. என் டிக்கெட் எங்கள் செலவு. அதற்கு நான் போட்ட சண்டையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

திங்கட்கிழமை மாலை விமான நிலையத்துக்குத் தொழிற்சாலையின் மொழிபெயர்ப்பாளர் திருமதி ஷு வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு ஆங்கில வார்த்தையையும் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுக்கிற மாதிரி பேசினார். எங்களை ஹோட்டலில் இறக்கிவிட்டு, ஹோட்டல் விலாசத்தைச் சீன எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்து, "வியாழன் காலை எட்டு மணிக்கு வருவேன். அதுவரை மகிழ்ச்சியாக இருங்கள்" என்று உத்தரவிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பதினைந்து மணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தோம்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பூங்கா. குளத்தின் மேலே இப்படியும் அப்படியுமாக வளைந்து போகிற ஒரு பாலம். இவருக்கு என்னை அங்கே நிறுத்திப் படம் எடுத்தே ஆக வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டால் கேமரா துவாரத்தில் கண் பொருந்தாது. அதனால் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொள்வார். அப்புறம் எப்படித் தெரியும்? தெரியாது! எங்கள் ஆல்பம் முழுக்க நான் தலையில்லாமல் நிற்பதற்கு அதுதான் காரணம்.

"கொஞ்சம் பின்னால போ பத்மா... இன்னும் கொஞ்சம்... சிரி!"

லென்ஸ் மூடி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். நெற்றியிலிருந்த கண்ணாடி... ப்ளக்.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு நிமிஷத்தில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடுவதில் ரங்கநாதன் தெருவுக்கும் ஷாங்காய்க்கும் வித்தியாசமே இல்லை. எல்லாரும் குளத்தை எட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் யோசனை சொன்னார்கள். பூங்காக் காவலாளி நீளமான மூங்கிலில் கட்டிய வலையோடு வந்து துழாவினார். முதலில் ஒரு குளிர்பான டின் வந்தது. அடுத்து ஒற்றைச் செருப்பு. மூன்றாவதாக... கண்ணாடி! கூட்டம் கை தட்டியது.

இவர் ஆவலோடு வாங்கி மாட்டிக்கொண்டார். உடனே கழற்றினார்.

"பத்மா, இது வேற யாரோடதோ."

எத்தனை பேர் அந்தப் பாலத்தில் பெண்டாட்டியைச் சிரிக்கச் சொன்னார்களோ! அதற்குப் பிறகு வலையில் சேறுதான் வந்தது. காவலாளி உதட்டைப் பிதுக்கினார். கூட்டம் கலைந்தது.

"ஸ்பேர் எடுத்துண்டு வரலையா நீங்க?" என்று கேட்டேன்.

"பெட்டியில எடம் இல்லேன்னு நீதானே எடுத்து வெளியில வெச்சே?"

உண்மைதான். அந்த இடத்தில் இரண்டு பாக்கெட் பருப்புப் பொடி வைத்தேன். அதனால் அந்தப் பேச்சை நான் மேற்கொண்டு வளர்க்கவில்லை.

ஆனால் இவர் முகத்தைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. "வியாழக்கிழமை நான் என்னத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடறது?" என்றார் மெதுவாக. இருபத்தேழு வருஷ சர்வீஸில் பார்க்காமல் ஒரு காகிதத்தில்கூட இவர் கையெழுத்துப் போட்டதில்லை. மெட்ராஸில் – சென்னை என்று மாற்றி நாளாகிறது, எனக்கு வாயில் வர மாட்டேன் என்கிறது – இந்தப் பவருக்கு ஆர்டர் கொடுத்தால் ஒரு வாரம் ஆகும். நடுவில் இரண்டு முறை 'நாளைக்கு வாங்க' என்பார்கள். இங்கே எங்களிடம் இருப்பது ஒன்றரை நாள்.

டாக்ஸிக்காரரிடம் அட்டையைக் காட்டி ஹோட்டலுக்குத் திரும்பினோம். திருமதி ஷுவின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ள எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றியிருக்கவில்லை. வரவேற்பு மேஜைப் பெண்ணுக்கு 'குட் மார்னிங்' தெரியும், 'பாஸ்போர்ட்' தெரியும். மற்றபடி புன்னகை. நான் இரண்டு விரல்களை வளையமாக்கிக் கண்ணில் வைத்துக் காட்டினேன். அந்தப் பெண்ணும் அதே மாதிரி வைத்துக் காட்டிச் சிரித்தாள்.

"நீ சும்மா இரு. நான் டிராயிங் போட்டுக் காட்டறேன்" என்றார் இவர். இஞ்சினியர் இல்லையா! மூக்கு காகிதத்தைத் தொடுகிற மாதிரி குனிந்து, பத்து நிமிஷம் வரைந்தார். இரண்டு வட்டம். நடுவில் ஒரு கம்பி. பக்கவாட்டில் இரண்டு கம்பி. போதாததற்கு வட்டத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அம்புக்குறி வேறு.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. வேகமாகத் தலையாட்டினாள். ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தாள்.

"பார்த்தியா? டிராயிங்குக்குப் பாஷை கிடையாது" என்றார் இவர்.

விலாசத்தைக் காட்டிக் காட்டி, மூன்று தெரு தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். கடைக்காரர் சீட்டைப் படித்தார். எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போனார். இரண்டு சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வந்தார் – ஒன்று ஆம்பளை சைக்கிள், ஒன்று லேடீஸ் சைக்கிள்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு வட்டம், நடுவில் கம்பி. ஷாங்காயில் அது வேறென்னவாக இருக்க முடியும்?

"என்ன சொல்றான்? ஃப்ரேம் காட்டறானா?" என்றார் இவர்.

"ஃப்ரேம்தான். பெல்லோட இருக்கு."

நல்ல வேளை, அந்த சைக்கிள் கடைக்காரரே கண்ணாடி போட்டிருந்தார். நான் சட்டென்று அவர் மூக்கைச் சுட்டினேன், இவர் மூக்கைச் சுட்டினேன், குளத்தில் விழுந்த மாதிரி 'ப்ளக்' என்று வாயால் சத்தம் போட்டுக் காட்டினேன். மனுஷருக்குப் புரிந்துவிட்டது. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எங்களை அவரே கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்தத் தெருவைக் கடந்ததை நான் மறக்க மாட்டேன். சைக்கிள்... சைக்கிள்... சைக்கிள். முடிவே இல்லாத சைக்கிள் வெள்ளம். இவருக்கு வெறும் மணிச் சத்தம்தான் கேட்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தார் என்றால், லேசாக இல்லை. விரல் நெரிகிற மாதிரி.

வடக்கு மாட வீதியில் நாங்கள் போவதை நீங்கள் பார்த்திருக்கலாம். இவர் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பார். காய்கறிப் பையோடு நான் பின்னால் ஓடிக்கொண்டிருப்பேன். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் தெருவில் இவர் என் கையைப் பிடித்ததில்லை. மெயின் ரோட்டில் ஒரு சீனருக்குப் பின்னால் இப்படிக் கைகோத்துக்கொண்டு போவோம் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இவருக்கு வெட்கப்படக்கூட முடியவில்லை. பயம்.

கண்ணாடிக்கடை ஒரு சந்துக்குள் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது, சிரிக்காத முகம். சைக்கிள்காரர் விஷயத்தைச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தம்மா இவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு சோதனைக் கண்ணாடியை மாட்டி, சுவரில் விளக்கைப் போட்டார்.

சீனாவில் கண் பரிசோதனை அட்டையில் A, B, C, D கிடையாது. எல்லாமே E மாதிரி ஒரே எழுத்துதான். அது மேலே, கீழே, இடது, வலது என்று திரும்பித் திரும்பி நிற்கும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் நாம் கையைக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் சரிப்படும். எவ்வளவு சுலபம்!

இவருக்கு அது தெரியாதே? பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, உரக்கப் படித்தார்.

"E! M! அடுத்தது... மூணு! அப்புறம் W! திரும்ப M!"

அந்தம்மா என்னைப் பார்த்தார். 'இவருக்குக் கண் மட்டும்தான் கோளாறா?' என்கிற பார்வை.

கையை எப்படிக் காட்ட வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அது சரியாயிற்று. அடுத்த வம்பு, லென்ஸ் மாற்றும்போது வந்தது. அந்தம்மா ஒரு லென்ஸைப் போட்டு, 'நன்றாக இருக்கிறதா?' என்று கட்டை விரலைக் காட்டிக் கேட்பார். இவர் நம்மூர் வழக்கப்படி 'ம், இருக்கு' என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டுவார். அங்கே அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். உடனே லென்ஸை எடுத்துவிட்டு வேறு போடுவார். அதற்கும் இவர் திருப்தியாகத் தலையை ஆட்டுவார். அதையும் எடுத்துவிடுவார்.

"நன்னாத்தானே தெரியறது, ஏன் மாத்திண்டே இருக்கா?" என்றார் இவர் எரிச்சலோடு.

இருபது நிமிஷம் இந்தக் கூத்து. கடைசியில் நான் எழுந்து போய், இவர் தலையை இரண்டு பக்கமும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "தலை ஆடப்படாது. சரின்னா கட்டை விரலைத் தூக்குங்கோ. போதும்." அந்தம்மா முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. ஐந்தே நிமிஷத்தில் பவர் முடிவாயிற்று.

எப்போது கிடைக்கும்? சுவர்க் காலண்டரில் விரலை வைத்தார். வெள்ளிக்கிழமை.

வியாழன் காலைக்கு முன்னால் வேண்டுமே! புதன்கிழமைக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். கும்பிட்டேன். தமிழிலேயே கெஞ்சினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். நாங்கள் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, 'சரி, போகலாம்' என்று இவர் தானாக எழுந்து வாசலுக்கு நடந்தார். மூடியிருந்த கண்ணாடிக் கதவில் நெற்றி... ணங்!

அந்தம்மா இவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். பின்னறையிலிருந்து ஒல்லியாக ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். லென்ஸ் தேய்க்கிறவர், அந்தம்மாவின் கணவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர் ஏதோ முடியாது என்று சொன்னார். அந்தம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். எனக்குச் சீன மொழி ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் அந்தத் தொனி தெரியும். 'எப்பப் பார்த்தாலும் முடியாது, முடியாது... இன்னிக்கு உட்கார்ந்து முடிச்சா என்ன?' – இதே தொனியில் நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

கணவர் திரும்ப உள்ளே போய்விட்டார். அந்தம்மாவின் விரல் காலண்டரில் புதன்கிழமைக்கு நகர்ந்தது. மாலை ஐந்து மணி.

நான் அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் பேச பாஷை வேண்டியிருக்கவில்லை.

ஆக, புதன்கிழமை முழுக்கக் கண் தெரியாத கணவரோடு நகர்வலம். நீங்களாக இருந்தால் அறையிலேயே படுத்திருப்பீர்கள். நான் விடுவேனா?

காலையில் ஒரு பூங்காவுக்குப் போனோம். டேப் ரிக்கார்டரில் பாட்டுப் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டர் போட்ட ரிட்டயரான தம்பதிகள் ஜோடி ஜோடியாக நடனமாடுகிறார்கள். நம்மூர் மெரினாவில் வாக்கிங் போகிற வயசு. நாங்கள் ஓரமாகக் கைகோத்து நிற்பதைப் பார்த்து, ஒரு அம்மாள் 'வாங்க வாங்க' என்று முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிட்டார்.

"ஏன் எல்லாரும் சுத்தறா?" என்றார் இவர்.

"எல்லாரும் டான்ஸ் ஆடறா."

"யாரு?"

"நாமளும்தான்."

இவர் உறைந்துபோய் நின்றார். பின்னால் வந்த ஜோடி இடித்தது. வேறு வழியில்லாமல் நகர்ந்தார். ஆறு கஜப் புடவையில் நான், பேன்ட்டும் மப்ளருமாக இவர்... முழுசாக இரண்டு சுற்று! "யாராவது பார்க்கறாளா?" என்று கேட்டுக்கொண்டே ஆடினார். மயிலாப்பூர்க்காரர் ஒருத்தர்கூட இல்லை என்று உறுதி கொடுத்த பிறகு மூன்றாவது சுற்று அவராகவே வந்தார்.

அப்புறம் ஆற்றங்கரை. "எதிர்ப் பக்கம் என்ன இருக்கு?" என்றார். ஒரு கம்பியில் இரண்டு பெரிய லட்டைச் சொருகி நிறுத்தின மாதிரி ஒரு கோபுரம் என்றேன். "எத்தனை அடி உசரம்?" என்றார். நான் என்ன, அளந்தா பார்த்தேன்? ஆனால் ஒன்று – இவருக்குச் சொல்ல வேண்டுமே என்பதற்காகத்தான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் மூங்கில் நீட்டித் துணி காயப் போட்டிருப்பதை, படகில் அம்மா ஒருத்தி குழந்தைக்குத் தலை சீவிவிடுவதை. இல்லாவிட்டால் நானும் கடை கடையாகப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

கடைக்குப் போகவில்லை என்று சொன்னேனா? போனேன். பட்டுக்கடை. விற்கிற அம்மாள் கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுவாள். நான் அதில் பாதியைத் தட்டிக் காட்டுவேன். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். பாண்டி பஜாரில் பார்க்கிற அதே நெஞ்சுவலி! நான் வாசலை நோக்கி நடப்பேன். ஓடி வந்து இழுப்பாள். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இவரும் என் பின்னாலேயே போவதும் வருவதுமாக இருந்தார்.

"எத்தனை வாங்கினே?"

"ரெண்டே ரெண்டு."

ஐந்து. இந்தப் பத்தியை இவர் படிப்பதில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

மாலை சரியாக ஐந்து மணிக்குக் கண்ணாடிக்கடை. தயாராக இருந்தது! அவ்வளவு தடிமனான லென்ஸ் உட்காருகிற ஃப்ரேம் ஒன்றே ஒன்றுதான் அவர்களிடம் இருந்ததாம் – மெரூன் நிறம், ஓரத்தில் பூனைக்கண் மாதிரி தூக்கிய வளைவு. சந்தேகமே இல்லை, லேடீஸ் ஃப்ரேம். இவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டார்.

காலண்டரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வாசல் வழியாகத் தெருவைப் பார்த்தார். குளத்தில் கிடக்கிற பழைய கண்ணாடிக்கு ஒன்பது வயது. கீறல் விழுந்து, பவரும் மாறி, அதிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் என் பக்கம் திரும்பி, என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"பத்மா... உனக்குப் புருவத்துக்கிட்ட ஒரு மச்சம் இருக்கா?"

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே இருந்தது."

"அப்படியா!" என்றார். இன்னொரு முறை பார்த்தார். "நன்னா இருக்கு" என்றார்.

அந்தக் கடைக்காரம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வேளை, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்த மாதிரிதான் இருந்தது.

வியாழக்கிழமை எட்டு மணிக்குத் திருமதி ஷு வந்தார். இவர் முகத்தைப் பார்த்து ஒரு வினாடி தயங்கி, "மிகவும் நாகரிகம்" என்றார். நானும் தொழிற்சாலைக்குப் போனேன். ஆளுயர மெஷின், பச்சைப் பெயின்ட்டில் பளபளவென்று நிற்கிறது. இவர் இரண்டு மணி நேரம் ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். ஒரு மூலையில் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"இங்க ஒரு விரிசல் இருக்கு" என்றார்.

நாலு இஞ்சினியர்கள் வந்து பார்த்தார்கள். இல்லை என்றார்கள். பெயின்ட் கோடு என்றார்கள். இவர் நகர மாட்டேன் என்றார். பெரிய பூதக்கண்ணாடி வந்தது. பெயின்ட்டைச் சுரண்டினார்கள். தலைமுடி மாதிரி ஒரு கோடு... இரும்புக்குள்ளேயே ஓடியது.

டைரக்டரே எழுந்து வந்தார். நீளமாக ஏதோ பேசினார். திருமதி ஷு இஸ்திரி போட்டுக் கொடுத்தார்: "டைரக்டர் வருத்தம் தெரிவிக்கிறார். வேறு மெஷின் தருவார். உங்கள் கண்களுக்கு அவர் வணக்கம் சொல்கிறார்." மத்தியானம் அடுத்த மெஷினைப் பார்த்து, திருப்தியாகி, கையெழுத்துப் போட்டார்.

காரில் திரும்பும்போது இவர் மெதுவாகச் சொன்னார்: "பழைய கண்ணாடியா இருந்தா, எனக்கு அந்தக் கோடு தெரிஞ்சிருக்காது. கையெழுத்துப் போட்டிருப்பேன்." குளத்தில் விழுந்ததற்காக இரண்டு நாளாக நான் செய்த கேலியை எல்லாம் மனசுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன். சத்தமாக வாங்கவில்லை. அவ்வளவு அவசரம் என்ன?

சனிக்கிழமை மயிலாப்பூர் வந்து சேர்ந்தோம். பெட்டியைக்கூட இறக்கவில்லை. கூடத்தில் நின்றபடியே இவர் அண்ணாந்து பார்த்தார். "என்ன பத்மா, ஃபேன்ல இவ்வளவு அழுக்கு? ஜன்னல் மேல ஒட்டடை தொங்கறது... ஆத்துல இதெல்லாம் யார் கண்ணுலயுமே படலையா?"

நான் நேராக உள்ளே போய், ஒட்டடைக் கம்பை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். யாருக்குக் கண் நன்றாகத் தெரிகிறதோ, அவர்தானே அடிக்க வேண்டும்?